மரில்லாவின் நாற்காலியிலிருந்து

'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலைச் சுருக்கிச் சொல்பவர்கள் ஒரே வரியில் கடந்துவிடும் பயணம் அது. பிரைட் ரிவர் ரயில் நிலையத்தில், கூரை வேயும் மரச்சில்லுகளின் அடுக்கின்மேல், ஆன் என்னும் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தன் பழைய பையோடு உட்கார்ந்திருக்கிறாள். பண்ணை வேலைக்குத் துணையாக அனாதை இல்லத்திலிருந்து ஓர் ஆண்பிள்ளை வருவான் என்று எதிர்பார்த்து வந்த மாத்யூ கத்பர்ட்டுக்கு வயது அறுபது. பெண்களோடு பேசவே கூச்சப்படும் அந்த மனிதர், தவறு நடந்துவிட்டது என்று அவளிடம் சொல்லத் துணிவில்லாமல், குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு எட்டு மைல் தொலைவிலுள்ள வீட்டுக்குப் புறப்படுகிறார். வழி முழுவதும் அவள் பேசுகிறாள். கண்ணில் படும் சாலைக்கும் குளத்துக்கும் புதுப் பெயர் சூட்டுகிறாள், தன் சிவந்த தலைமுடியை நினைத்து வருந்துகிறாள், ஒரு கேள்வி கேட்டு அதன் பதில் வருமுன் அடுத்ததற்குத் தாவுகிறாள். 1979 ஜனவரி 7-ஆம் தேதி ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியின் ஞாயிறு மாலைத் தொடர் வரிசையில் தொடங்கிய 'அகாகே நோ ஆன்' என்னும் அனிமேஷன் தொடர், அந்தப் பேச்சைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. கனடிய எழுத்தாளர் லூசி மாட் மாண்ட்கோமரி 1908-இல் வெளியிட்ட 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலில் 38 அத்தியாயங்கள் உள்ளன. தொடருக்கோ 50 பகுதிகள். நாவலின் முதல் எட்டு அத்தியாயங்களுக்கே ஆறு பகுதிகள் செலவாகின்றன. இந்தப் பெண்ணை வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று மாத்யூவின் தங்கை மரில்லா முடிவெடுக்கும் வரையிலான மூன்று, நான்கு நாட்களின் கதைக்குத்தான் அவ்வளவு இடம்.

இயக்குநர் இசாவோ தகஹாதா. இதே ஞாயிறு மாலை வரிசையில் 1974-இல் 'ஹைடி'யையும், 1976-இல் இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குத் தாயைத் தேடிச் செல்லும் மார்கோ என்னும் சிறுவனின் கதையையும் எடுத்தவர் அவரே. ஹைடி மலையில் ஓடினாள். மார்கோ கடலையும் சமவெளியையும் கடந்து நடந்தான். ஓடுவதும் நடப்பதும் அனிமேஷனுக்கு இயல்பாகப் பொருந்துபவை. ஆனோ உட்கார்ந்து பேசுகிறாள். வாரம் ஒரு பகுதி என்ற கெடுவுக்குள், அளவான எண்ணிக்கையிலான ஓவியங்களைக் கொண்டு வேலை செய்யும் ஒரு குழுவுக்கு, ஒரே சமையலறையில் இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து பேசுவதை இருபது நிமிடம் பார்க்கத் தகுந்ததாக ஆக்குவது எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அசையாத முகத்தில் வாய் மட்டும் திறந்து மூடும் காட்சியாக அது முடிந்திருக்கக்கூடும். அப்படி ஆகாமல் போனதற்குக் காரணம், பேசுபவளோடு சேர்த்து, கேட்பவரையும் தகஹாதா வரையச் சொன்னதுதான் என்று நான் நம்புகிறேன். நாவலில் நாம் பெரும்பாலும் ஆனின் பேச்சைப் படிக்கிறோம். தொடரில், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே மரில்லா ஊசியில் நூல் கோர்ப்பதையும், கை நின்று போவதையும், உதட்டோரம் சிரிப்பு ஒன்று எழுவதற்குள் அதை அடக்கிக்கொண்டு கண்டிப்பான முகத்தைத் திரும்ப அணிவதையும் பார்க்கிறோம்.

ரேச்சல் லிண்டிடம் ஆன் மன்னிப்புக் கேட்கும் காட்சி இதற்குச் சிறந்த சான்று. தன்னை ஒல்லி என்றும் அழகில்லாதவள் என்றும் முகத்துக்கு நேரே சொன்ன அந்த அண்டைவீட்டு அம்மாளிடம் ஆன் சீறி விழுந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கும் வரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது மரில்லா விதித்த தண்டனை. கடைசியில் அவள் கேட்கும் மன்னிப்பு மண்டியிட்டு, கைகூப்பி, பெரிய பெரிய சொற்களால் ஆன ஒரு முழு நாடகமாகிறது. அந்த அவமானத்தை அவள் அனுபவித்து ரசிக்கிறாள் என்பது ரேச்சலுக்குப் புரியவில்லை, மரில்லாவுக்குப் புரிகிறது. திட்டவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் நிற்கும் மரில்லாவின் நிலையில்தான் பார்ப்பவரையும் தகஹாதா நிறுத்துகிறார். நாயகியோடு ஒன்றிக் கரைந்துபோக வைக்கும் படங்களைவிட, அவளைச் சற்றுத் தள்ளி நின்று புரிந்துகொள்ள வைக்கும் படங்களே தமக்கு உவப்பானவை என்று அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பப் பேசியும் எழுதியும் வந்தார். ஆனைப் போன்ற ஒரு பெண் தமக்கு எளிதில் பிடிபடவில்லை, ஆகவே மூலநூலை அப்படியே பின்தொடர்ந்தேன் என்ற பொருளிலும் சொல்லியிருக்கிறார். இந்த ஒப்புதலை நான் பெரிதாக மதிக்கிறேன். புரியாத ஒரு குழந்தையைத் தன் விருப்பத்துக்கு வளைக்காமல் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பது ஓர் இயக்குநரின் நிலைப்பாடாகவும் இருந்தது, மரில்லாவின் நிலைப்பாடாகவும் இருந்தது.

ஆனின் கற்பனை திரையில் வராமல் இல்லை. தொடக்கப் பாடலில் அவள் ஓட்டும் வண்டி பூக்களுக்கு நடுவிலும் நீர்மேலும் பனியிலும் பருவங்களைக் கடந்து மிதந்து செல்கிறது. இசை அகிரா மியோஷி, பாரிஸில் பயின்ற செவ்வியல் இசையமைப்பாளர். ஆப்பிள் மரங்கள் இருபுறமும் பூத்து வளைந்து நிற்கும் சாலையில் நுழையும்போது அந்த வெண்மை அவளை எங்கோ கொண்டுபோவதையும் பார்க்கிறோம். ஆனால் கதைக்குள் இத்தகைய காட்சிகள் அளவோடு வந்து சீக்கிரம் மறைகின்றன. வண்டிச் சக்கரத்தின் ஓசையும், மாத்யூ தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லும் ஒற்றைச் சொல் பதிலும் நம்மை இருக்கைக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன. கற்பனையை முழுதும் காட்டிவிட்டால் அதற்குச் சொற்கள் தேவையில்லாமல் போய்விடும். ஆனிடம் இருப்பதெல்லாம் சொற்களே. அவளை ஊருக்கு ஊர் மாற்றி வளர்த்த வீடுகளில் அவளுக்குச் சொந்தமாகக் கிடைத்தது வேறு எதுவுமில்லை.

வீட்டின் கனத்தை உணரச் செய்தவர் ஹயாவோ மியசாக்கி. முதல் 15 பகுதிகளுக்குக் காட்சி அமைப்பும் தளவரைவும் அவருடையவை. அதன்பின் தம் முதல் திரைப்படமான 'காக்லியோஸ்ட்ரோ கோட்டை'யை இயக்க அவர் விலகிச் சென்றார். சமையலறையின் அடுப்பு எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதெல்லாம் அந்தப் பகுதிகளில் உறுதிப்பட்டுவிட்டதால், பார்ப்பவருக்கு அந்த வீடு பழகிப்போகிறது. பிந்தைய பகுதிகளில் ஓவியத்தின் தரம் அங்கங்கே தளர்வதை மறைக்க வேண்டியதில்லை. நெருக்கடியான கால அட்டவணை தெரிகிறது. ஆனாலும் அந்த வீடு தளரவில்லை.

முகத்தை உருவாக்கியவர் யோஷிஃபுமி கோன்டோ. பாத்திர வடிவமைப்பும் ஓவிய மேற்பார்வையும் அவரே. அகன்ற நெற்றி, எலும்பு தெரியும் மெலிந்த உடல், முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய கண்கள் என்று முதல் பகுதியில் ஆன் அழகாகவே இல்லை. அந்த ஞாயிறு மாலை வரிசையின் நாயகிகளுள் இப்படித் துணிந்து வரையப்பட்ட இன்னொருத்தியை எனக்குத் தெரியவில்லை. அதே எலும்புகளை வைத்துக்கொண்டே ஓராண்டு முழுவதும் அவளை வளர்த்து, பதினாறு வயதில் அமைதியான ஓர் அழகுக்கு அவளைக் கொண்டுவருகிறார் கோன்டோ. எந்தப் பகுதியில் மாற்றம் நடந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. குரல் தேர்விலும் இதே துணிச்சல் உண்டு. மியசாக்கிக்குப் பிடித்திருந்தது சுமி ஷிமாமோத்தோவின் தெளிந்த குரல். தகஹாதா தேர்ந்தெடுத்தது எய்கோ யமாதாவின் சற்றே கரடுமுரடான, முந்திக்கொண்டு ஓடும் குரலை. அந்தக் குரலைக் கேட்டால் சில நேரம் களைப்பாகத்தான் இருக்கிறது. மரில்லாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

என்னை வளர்த்தவர் என் பெரியம்மா. அம்மா போனபின் அவர் வீட்டுக்கு வந்த நானும் நிறையப் பேசுகிற, கிடைத்த தாளிலெல்லாம் எழுதுகிற பிள்ளையாகத்தான் இருந்தேன் என்று அவர் சொல்வார். இந்தத் தொடரின் பல பகுதிகளை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். தொடக்கத்தில் அவருடைய அனுதாபமெல்லாம் மரில்லாவுக்கே போயிற்று. "பாவம் அந்தம்மா, வேலையும் பாத்துக்கிட்டு இவ பேச்சையும் கேக்கணும்" என்பார். செவ்வந்திக்கல் பதித்த மார்ப்பூசி காணாமற்போகும் பகுதியில் அவர் மாறினார். அதை எடுத்தது ஆன்தான் என்று மரில்லா முடிவு கட்டிவிடுகிறார். உண்மையைச் சொன்னால் சுற்றுலாவுக்குப் போகலாம் என்பதால், செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஆன் ஒரு கதை கட்டிச் சொல்கிறாள். மார்ப்பூசி மரில்லாவின் சால்வை நுனியிலேயே சிக்கியிருந்தது பிறகு தெரியவருகிறது. "சின்னப் பிள்ளையப் பொய் சொல்ல வச்சது யாரு?" என்று பெரியம்மா திரையைப் பார்த்துக் கேட்டார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் எப்போதோ நடந்த ஒன்றை அவர் நினைத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும்; நானும் அதைக் கேட்கவில்லை. வளர்ப்பவரின் பக்கத்திலிருந்து ஒரு குழந்தைகள் தொடரைப் பார்க்க முடியும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்.

அந்தப் பொய் வாக்குமூலத்தை நான் வேறொரு காரணத்துக்காகவும் முக்கியமாகக் கருதுகிறேன். கேட்பவருக்கு எது தேவையோ அதைக் கணித்து, விவரங்களோடு, குளத்தின் பாலத்தையும் விரல்களுக்கிடையே நழுவிய கல்லின் ஊதா மினுக்கையும் சேர்த்து ஆன் புனைந்த கதை அது. அவள் எழுத்தாளராகும் வாய்ப்பு அங்கே முதன்முதலாகத் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் தோழிகள் டயானா, ஜேன், ரூபி ஆகியோரோடு அவள் கதைக் கழகம் ஒன்றைத் தொடங்குகிறாள். வாரம் ஒரு கதை எழுத வேண்டும். ரூபியின் கதைகளில் காதல் மிகுதி. ஜேன் எழுதுவது நடைமுறை அறிவு மிகுந்து உயிரில்லாமல் கிடக்கும். பாத்திரங்களை என்ன செய்வதென்று தெரியாத டயானா எல்லோரையும் கொன்றுவிடுவாள். ஆன் எழுதும் கதையில் கோர்டீலியா, ஜெரால்டின் என்ற இரு தோழியர் ஒருவனுக்காகப் பகைத்துக்கொள்ள, ஒருத்தி மடிகிறாள், மற்றவளுக்குப் பித்துப் பிடிக்கிறது. இதைக் கேட்ட மரில்லாவின் கருத்து, கதை படிப்பதே கெடுதல், எழுதுவது அதைவிடக் கெடுதல் என்பது.

மாற்றம் வருவது மிஸ் ஸ்டேசி என்னும் ஆசிரியையால். நம் ஊரான ஆவன்லீயில், நம் வாழ்க்கையில் நடக்கக்கூடியதை மட்டுமே எழுத வேண்டும், எழுதியதை நாமே கடுமையாகத் திறனாய வேண்டும் என்பது அவர் விதி. அப்படிப் பார்க்கத் தொடங்கியபின்தான் தன் எழுத்தில் எவ்வளவு குறைகள் என்று ஆனுக்குத் தெரிகிறது. கதைக் கழகம் ஓசையின்றி நின்றுபோகிறது. பதினைந்து வயதில் அவள் பேச்சும் குறைகிறது. முன்போல் வாயாடுவதில்லை, பெரிய சொற்களையும் பயன்படுத்துவதில்லை, உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர் மரில்லாதான். நல்ல எண்ணங்களை மனத்துக்குள் வைத்துக்கொள்வது இப்போது பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது ஆனின் கன்னம் சிவக்கிறது. நாவலில் இது ஒரு பக்கத்தில் முடியும் உரையாடல். தொடரிலோ, முப்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓயாமல் கேட்ட அந்தக் குரல் உண்மையிலேயே தணிந்திருப்பதை நம் காது உணர்கிறது. ஒருகாலத்தில் நிறுத்தமாட்டாளா என்று நாம் நினைத்த பேச்சு இல்லாமல் அந்தச் சமையலறை வெறுமையாகிவிட்டது. ஆன் தன்னைவிட உயரமாகிவிட்டதைக் கண்ட நாளில், அந்தி இருட்டில் தனியே உட்கார்ந்து மரில்லா அழுகிறார். விளக்கோடு வந்த மாத்யூ அதைப் பார்த்துத் திகைக்கிறார். அந்த அழுகைக்கு நம்மைத் தயார் செய்வதற்காகத்தான் முதல் பகுதியிலிருந்தே எதையும் வெட்டாமல் கேட்க வைத்தார் தகஹாதா என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் எழுத்தாளர் உருவாவதைத் திரையில் காட்டுபவர்கள் பேனாவையும் கசக்கிய தாள்களையும் காட்டுவார்கள். இங்கே, பேச்சாக வெளியே கொட்டிக்கொண்டிருந்தது உள்ளே திரும்பிச் சேரத் தொடங்குவதைக் கேட்கிறோம்.

மாண்ட்கோமரி இதைத் தம் வாழ்விலிருந்து அறிந்தவர். 1874-இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்த அவருக்கு இரண்டு வயது நிறையுமுன் தாய் காசநோயால் இறந்தார். தந்தை மேற்கே சென்றுவிட, கேவண்டிஷ் கிராமத்தில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். ஊர் அஞ்சலகம் அந்த வீட்டிலேயே இருந்ததால், பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவதும் அவை திரும்பி வருவதும் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் நடந்தன. ஆண்பிள்ளை கேட்ட முதிய இணையருக்குத் தவறுதலாகப் பெண்பிள்ளை அனுப்பப்படுகிறாள் என்று பழைய குறிப்பேடொன்றில் எழுதி வைத்திருந்த வரிதான் ஆனின் விதை. பல பதிப்பகங்கள் மறுத்தபின் கைப்பிரதியைத் தொப்பிப் பெட்டியில் போட்டு வைத்திருந்து, பிறகு எடுத்து அனுப்ப, பாஸ்டனின் பேஜ் நிறுவனம் வெளியிட்டது.

எழுதியே தீர வேண்டிய அனாதைப் பெண்ணை அவர் முழுமையாகப் படைத்தது 1923-இல், 'எமிலி ஆஃப் நியூ மூன்' நாவலில். எமிலி பேர்ட் ஸ்டார், பரணில் கிடந்த பழைய அஞ்சலகப் படிவங்களின் பின்புறத்தில், இறந்துபோன தன் தந்தைக்குக் கடிதம் எழுதுகிறாள். கதை எழுதுவதையே பாவமென்று கருதும் எலிசபெத் அத்தையிடமிருந்து அவற்றை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. அதையும் ஜப்பானியர் அனிமேஷனாக்கினர், 2007-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் கல்வி அலைவரிசையில் 26 பகுதிகளாக ஒளிபரப்பான 'காஸே நோ ஷோஜோ எமிலி' பார்க்க இனிமையான தொடர். எழுத்தாளராகும் உறுதி ஆனைவிட எமிலிக்கே அதிகம். ஆனாலும் என் மனம் 1979-ஆம் ஆண்டுத் தொடரிடமே திரும்பிவிடுகிறது. எமிலியின் முதல் வாசகர் இவ்வுலகில் இல்லாதவர்; அவர் பதில் சொல்லமாட்டார், அலுத்துக்கொள்ளவும் மாட்டார். ஆனுக்கு வாய்த்தவரோ எதிரே உட்கார்ந்து, பாத்திரம் கழுவும் நேரத்தை நினைவூட்டி, நம்பாமல், கண்டித்து, கேட்டுக்கொண்டே இருக்கும் ஒருவர்.

மரில்லாவுக்கு ஜப்பானில் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1952-இல் ஆனை ஜப்பானிய வாசகர்களிடம் சேர்த்தவர் ஹனாகோ முராஓகா. அந்த அருமையான மொழிபெயர்ப்பே அங்கு ஆன் பெற்ற அன்புக்கெல்லாம் அடிப்படை. ஆனால் அதில் சில பகுதிகள் சுருக்கப்பட்டிருந்தன. மாத்யூ இறந்த இரவில் மரில்லா ஆனிடம் மனம் திறந்து, உன்னை என் சொந்த ரத்தமாகவே நேசிக்கிறேன், இதைச் சொல்ல எனக்கு எப்போதும் வராது என்று கூறும் இடம் அப்படி விடுபட்டவற்றுள் ஒன்று. தகஹாதா தம் தொடருக்கு ஆதாரமாகக் கொண்டது தாயெகோ காமியாமாவின் மொழிபெயர்ப்பை. மாத்யூவின் மரணத்தைத் தொடர் கையாளும் விதம் அந்தச் சொற்களுக்கு உரிய இடத்தைத் தருகிறது. சேமிப்பை வைத்திருந்த வங்கி நொடித்த செய்தியைத் தாங்கிய நாளிதழோடு வாசலில் அவர் சரிந்து விழுகிறார். அன்று முழுவதும் ஆனுக்கு அழுகை வரவில்லை. நள்ளிரவில் விழித்து, அவர் கடைசி மாலையில் சிரித்த முகம் நினைவுக்கு வந்தபின்தான் உடைகிறாள். கற்பனையால் எதையும் அழகாக்கிக்கொள்ளத் தெரிந்தவளுக்கு இந்த ஒன்றை ஆக்கிக்கொள்ளத் தெரியவில்லை. அறைக்குள் வரும் மரில்லா, இத்தனை பகுதிகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், முதன்முறையாகப் பேசுபவராகிறார். இப்போது கேட்பவள் ஆன்.

கோன்டோ 1995-இல் இயக்கிய ஒரே முழுநீளத் திரைப்படமான 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்', முதல் கதையை எழுதி முடித்து நடுங்கும் கையோடு ஒரு முதியவரிடம் படிக்கக் கொடுக்கும் பள்ளிச் சிறுமியைப் பற்றியது; 1998-இல், 47 வயதில் அவர் இறந்தார். தற்செயலாக வந்து சேர்ந்த பெண்ணை வளர்க்கும் முதிய இணையரிடம் தகஹாதா தம் கடைசிப் படமான 2013-ஆம் ஆண்டின் 'இளவரசி ககுயா'வில் திரும்பி வந்தார். 2025-இல் என்.எச்.கே. ஆனை மீண்டும் அனிமேஷனாக்கி, முதல் மூன்று நாவல்களை 24 பகுதிகளில் அடக்கியது. ஆன் கல்லூரிக்குச் சென்று எழுத முயலும் ஆண்டுகள் அதில் இருப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த வேகத்தில் மரில்லாவுக்கு உட்கார நேரமில்லை.

ஐம்பது பகுதிகள் என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதல் ஆறு பகுதிகளைத் தகஹாதாவே ஒரு திரைப்படமாகத் தொகுத்திருக்கிறார். அது 2010-இல் ஜப்பானியத் திரையரங்குகளில் வெளியானது. ரயில் நிலையத்தில் தொடங்கி, மரில்லா முடிவெடுக்கும் இடத்தில் நிற்கிறது. அதைப் பார்த்தபின் ஏழாம் பகுதியிலிருந்து தொடரலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் எந்த இடத்தில் பேசாமல் இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.